கீல் வைத்த கதவு

நோவோசிபிர்ஸ்க்
செப்டம்பர் 12

மீரிமின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்களோ என்பதே எந்நேரமும் நினைப்பு. கூரையிலிருந்து விழுந்து முதுகை முறித்துக்கொண்ட நீங்கள்தான்! மனிதர் அதற்குள் உளி பிடித்துக் கதவு செய்ய ஆரம்பித்துவிட்டாராம். இங்கே சரக்கு ஏற்றி வரும் நம் ஊர் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. உங்கள் கடிதத்தில் அதற்கெல்லாம் ஏது இடம்? நாலு வரியில் முடித்துவிடுகிறீர்கள்.

தையல் கூடத்தில் இப்போது குளிர்கோட்டு வேலை. விடுதியில் என் கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகளின் படங்களை ஒட்டி வைத்திருக்கிறேன். மீரிம் பீட்ரூட் சாற்றில் வரைந்த குதிரையைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில் லாரிசா கேட்டாள், "இது குதிரையா, சோபாவா?" "சோபாதான். ஆனா புல்லு திங்கும்" என்றேன்.

கோடைக்குப் பிறகு படமே வரவில்லை. டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். எனக்கு ஓரிடத்தில் உட்காரவே முடியவில்லை. வேலை முடிந்தால் விடுதித் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

புருல்


நாரின்
அக்டோபர் 3

புருலுக்கு,

முதுகு பரவாயில்லை. உன்னைக் கவலைப்படுத்த வேண்டாமென்று எழுதவில்லை.

சின்னவன் பெக்துர் அடுப்புச் சுவர் முழுக்கக் கரியால் லாரி வரைந்துவிட்டான். "இப்பத்தானேடா சுண்ணாம்பு அடிச்சேன்" என்றேன். "வெள்ளையா இருந்துச்சு, அதான்" என்கிறான். ரொட்டி மாவில் ஆட்டு மந்தை செய்து ஜன்னலில் காய வைத்தான். ஒன்றை நாய் தின்றுவிட்டது. அழுது தீர்த்துவிட்டு, "ஓநாய் அடிச்சிடுச்சுப்பா" என்று என்னிடம் புகார் சொன்னான்.

மீரிம் வரைந்த படங்கள் இத்துடன். ஒன்றில் நம் வீடு. இன்னொன்றில் சிவப்பு முக்காட்டோடு வாசலில் நீ. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள். வேறு விசேஷமில்லை.

தாலாய்


நோவோசிபிர்ஸ்க்
அக்டோபர் 24

மீரிமின் அப்பாவுக்கு,

படங்களைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். பிறகு எடுத்துவிட்டேன்.

இதை யார் வரைந்தது? மீரிம் வரைகிற ஆளுக்குக் கை கழுத்திலிருந்து முளைக்கும். விரல் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. பென்சிலை அழுத்தி அழுத்திக் காகிதம் கிழிந்திருக்கும். இதிலோ எல்லாம் ஒழுங்கு. வாசல் கதவுக்குக் கீல்கூட வரைந்திருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை கீல் வரையுமா? உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கதவு என்றால் முதலில் கீல் ஞாபகம் வரும்.

பிள்ளைக்கு என்ன? காய்ச்சலா? கையைச் சுட்டுக்கொண்டாளா? நேற்று ஒரு கோட்டுக்கு இரண்டு இடக்கையை வைத்துத் தைத்துவிட்டேன். மேற்பார்வைக்காரி எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிக் காட்டினாள். மறைக்காமல் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்வது மேல்.

புருல்


நாரின்
நவம்பர் 10

புருலுக்கு,

வரைந்தது நான்தான். மீரிமுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோடையில் ஒருநாள் உன்னை வரைந்துகொண்டிருந்தாள். பெக்துர் எட்டிப் பார்த்து, "யாரு இது?" என்றான்.

"அம்மாடா."

"அம்மா இப்படியா இருப்பாங்க?"

அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். இவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "அப்பா, அம்மாவுக்குக் கண்ணு சின்னதா, பெரிசா?" என்றாள். "உன் கண்ணு மாதிரிதாம்மா" என்றேன். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். "என் மூஞ்சிதான்பா தெரியுது" என்றாள். கல்யாணப் போட்டோவைக் காட்டினேன். "இது வேற யாரோ அக்கா" என்று தள்ளிவிட்டாள். படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அன்றோடு சரி, பென்சிலைத் தொடவில்லை. கூப்பிட்டால், "தப்பா வரைஞ்சா அம்மா வருத்தப்படுவாங்க" என்கிறாள்.

நீ படம் படம் என்று எழுதினாய். நான் வேறு என்ன செய்வேன், சொல்.

இதைப் படித்ததும் லீவு கேட்டு ஓடி வருவாய் என்று தெரியும். அப்படி வராதே. கொஞ்ச நாள் முகத்தைக் காட்டிவிட்டு நீ போனால், அவள் மறுபடி முதலிலிருந்து மறக்க வேண்டும். வந்தால் இருக்க வா. இல்லாவிட்டால் வேலை முடிகிற வசந்தம் வரை அங்கேயே இரு. கோபத்தில் எழுதவில்லை. எழுதிவிட்டு வெளியே போய் விறகு வெட்டினேன், இருக்கிற விறகே போதும் என்று தெரிந்தும்.

தாலாய்


நோவோசிபிர்ஸ்க்
நவம்பர் 29

தாலாய்,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன்.

"வந்தால் இருக்க வா" என்று எழுதிவிட்டீர்கள். ஆசைப்பட்டா வந்தேன்? நீங்கள் படுக்கையில் திரும்பக்கூட முடியாமல் கிடந்தபோது நம் இருவருக்கும் வேறு வழி தெரியவில்லை. இதை இந்த ஒருமுறைதான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தபின் சொல்ல மாட்டேன்.

மேற்பார்வைக்காரியிடம் போனேன். "இப்பப் போனா உன் மெஷினை வேற ஆளுக்குக் கொடுத்திடுவேன்" என்றாள். "கொடுத்திடுங்க" என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. லாரிசாதான் அழுதாள்.

வருகிற வாரம் ரயில் ஏறுகிறேன். பிஷ்கெக்கிலிருந்து, தோலோன் கணவாய் பனியில் அடைபடாமல் இருந்தால், வேன் பிடித்து வந்துவிடுவேன். நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டாம். என்றைக்கு வருகிறேன் என்றும் அவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மீரிம் உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டால், "அம்மாதான்டி, போ" என்று அவளை முன்னால் தள்ளாதீர்கள். பேச்சுக் கொடுக்கவும் வேண்டாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு, விருந்தாளி மாதிரி ஓர் ஓரமாக உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். முக்காட்டை எடுத்துவிடுகிறேன். முகத்தை வெளிச்சத்துப் பக்கமாக வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி, அவள் பார்க்கட்டும். நான் அசைய மாட்டேன்.

புருல்