டன்கர்க்கில் கரையில் நின்றவர்

அன்பு லியோனிக்கு,

உன் கல்யாண விருந்தில் நான் பாதியில் எழுந்து போனது வயிற்றுவலியால் அல்ல.

1940-இல் ஜெர்மானியர் சுற்றி வளைத்த டன்கர்க் கடற்கரையிலிருந்து தன் அப்பா படகேறி இங்கிலாந்து திரும்பிய கதையை உன் மாமனார் பெருமையாகச் சொன்னார். அடுத்த கோப்பை வைன் ஊற்றியதும், "சம்பந்தி, பிரெஞ்சுத் துப்பாக்கி ஒண்ணு விலைக்கு வருதாம். ஒரு தடவைகூடச் சுட்டதில்ல, ஒரே ஒரு தடவைதான் கீழ போட்டிருக்காங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான்.

அந்தப் படகுகள் போகும்வரை ஜெர்மானியரைத் தடுத்து நின்ற பிரெஞ்சுச் சிப்பாய்களில் என் அப்பாவும் ஒருவர். அவருக்குப் படகு இல்லை, அங்கேயே புதைத்தார்கள். இதை விருந்திலேயே சொல்லியிருக்கலாம். உன் சிரிப்பைப் பார்த்தபின் வாய் வரவில்லை. அப்புறம் உன் கடிதங்களுக்குப் பதில் எழுதக் கையும் வரவில்லை.

பிறந்த பிள்ளைக்கு, படகேறித் திரும்பிய அந்த ஆங்கிலேயக் கொள்ளுத்தாத்தாவின் பெயரா? வை. அவர் உயிரோடு ஊர் திரும்பியதில் நம் வீட்டுக்கும் பங்குண்டு.

ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். உன் மாமனாரை மட்டும் என் பக்கத்தில் உட்கார வைக்காதே.

அப்பா