முடிவு செதுக்கும் இடம்

நாள் 41. காலை 6.10
எழுதுவது சமையல்காரி மரகதவல்லி. இடம் சீன தேசம். காலம், நம் காலத்துக்கு மூவாயிரத்து இருநூறு வருஷம் முந்தி. ரேடியோ பேட்டரி அறுபது சதவீதம். டாக்டர் இளவழுதி நேற்று கால ஊர்தியில் கிளம்பிவிட்டார். திரும்பிப் போக இருந்தது ஒரே இருக்கை. இரண்டு என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிவந்தார். சாகும்வரை மறக்கமாட்டேன்.

நாள் 43. பகல் 11.30
இங்கே ராஜா எதையும் ஆமை ஓட்டைக் கேட்டுத்தான் செய்வார். ஓட்டின் பின்பக்கம் குழி தோண்டிச் சூடு வைப்பார்கள். முன்பக்கம் விரிசல் விடும், ராஜா குறி சொல்வார். கேள்வியை ஓட்டிலேயே செதுக்கி, நடந்ததைப் பிற்பாடு செதுக்க இடம் விடுவார்கள். எழுத்தில் பாதி படம். மூணாங்கிளாஸ் படித்த எனக்கே புரிகிறது. டாக்டருக்குப் புரியாதா? முடிவு செதுக்காத ஓடு ஒன்றைத் திருடிக்கொண்டு போயிருக்கிறார். அதைத் தேடி வந்தவர்கள் என்னைப் பிடித்துக் குறிபார்க்கும் கூடத்தில் அடைத்துவிட்டார்கள். ரேடியோவும் நோட்டும் மடியில்.

நாள் 44. காலை 9.20
இன்று புது ஓட்டில் என்னைப் பற்றிக் கேட்டார்கள். வலப்பக்கம் மனுஷ உருவம், கழுத்தில் கோடரி. இடப்பக்கமும் அதே, முன்னால் 'வேண்டாம்' குறி. விரிசல் விட்டது. ராஜா வலப்பக்கம் கை காட்டினார்.

ரேடியோவில், நம் காலத்துத் தளத்திலிருந்து ஊர்தி அனுப்புகிற சகாயராஜ்:
"பெரியம்மா, ஊர்தி அனுப்ப முடியாது. உங்களப் பத்திக் கேட்ட அந்தப் புது ஓடு இங்க காட்சிக்கூடத்துல இருக்கு. முடிவு இடத்துல கோடரி செதுக்கியிருக்கு. நடந்து முடிஞ்சதுல கை வைக்கச் சட்டம் விடாது."
"கருவாட்டுத் தலையத் தனியா எடுத்து வைக்கச் சொல்லித் தின்னியே, அப்ப எந்தச் சட்டத்தப் பாத்த?"
"வேற முடிவு இருந்தா அனுப்புவேன், பெரியம்மா. சத்தியமா."

மதியம் 2.15
செதுக்குகிறவன் சாப்பிடப் போனான், கத்தியை வைத்துவிட்டு. முடிவு இடம் வெறுமையாக இருந்தது. நடந்துபோகும் பெண்ணின் படத்தைக் கீறினேன். ஓடு வழுக்குகிறது.

2.40
சகாயராஜ்:
"இப்பப் போய்ப் பாத்தேன். ரெண்டு படம், ஒண்ணுமேல ஒண்ணு. கோடரி, நடக்கிற பொம்பள. எது மேலன்னு தெரியல. உங்களுது மேலன்னா ஊர்தி வரும்."
"என்னுதுதான்டா மேல. அனுப்பு."

2.45
பொய் சொன்னேன். நான் கீறும்போது அங்கே கோடரி இல்லை. இனிமேல் செதுக்கினால் அதுதான் மேலே.

2.51
செதுக்குகிறவன் வந்துவிட்டான். ஓட்டைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். கத்தியைத் தேடுகிறான். கத்தி என்னிடம்.

2.52
இடுப்பிலிருந்து இன்னொன்றை எடுக்கிறான். ஓட்டின்மேல்தான் குனிகிறான். ஊர்தி இன்னும்