இரண்டாம் பாகம், இரண்டு பேர்

நவம்பர் 4, செவ்வாய்

பனியாக மாறப் பார்த்து மாறாத மழை. வேலை முடிந்து நேரே வீடு. விளையாட்டின் இரண்டாம் பாகம் கணினியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னும் பாதிகூட ஆகவில்லை.

முதல் பாகம் வந்தபோது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அஜின்கோர்ட்டில், கூடப் படித்த துளசி வீட்டு பேஸ்மென்ற். இரண்டு கணினி, ஒரு ஹீற்றர். கைவிடப்பட்ட நிலவு நிலையம், இருட்டில் எதுவோ நகரும். திரையில் நம் உடம்பு இல்லை. ஒரு துப்பாக்கியும் இரண்டு கையும் மட்டும். கடைசியில் ஒரு கதவு பாதி திறந்தது, திரை கறுத்தது, பெயர்கள் ஓடின. துளசி சொன்னாள்: “ரெண்டாவது வரேக்கை முதலிலையிருந்து ரெண்டுபேரும். தனியத் தொடங்கினால் கொல்லுவன்.”

பிறகு அறிவிப்பு. ஒத்திவைப்பு. கம்பனி கைமாறியது. மறுபடி ஒத்திவைப்பு. ஒவ்வொன்றுக்கும் து.விடமிருந்து ஒரு செய்தி வரும், திட்டி. சொல்லப்போனால் எங்களுக்குள் மிஞ்சியிருந்தது அதுதான். இது வெளிவராமலே இருந்திருக்கலாம் என்று இன்று ஒரு கணம் நினைத்தேன்.

து. இப்போது ஒஷாவாவில். சித்திரையில் கலியாணம் முடிந்தது, மாப்பிள்ளை ரகு. கோயம்புத்தூர். மென்பொருள். நல்லவன். (இந்த ஒரு சொல்லை எழுத ஏன் இவ்வளவு நேரம்.)

நவம்பர் 5, புதன்

இறங்கிவிட்டது. திறந்தேன். முகப்பு மட்டும். இசை நன்று. நான்கு பேர்வரை சேர்ந்து விளையாடலாமாம். முன்பு இரண்டு பேர்தான். இதை முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார்கள்.

‘புதிய ஆட்டம்’ என்பதைத் தொடவில்லை. து.வுக்கு எழுதினேன்: வந்துவிட்டது, எப்போது? பதில் இல்லை.

வாங்க:
பால்
அம்மாவின் பிரஷர் குளிசை
ஹெட்போன்

ஹெட்போன் அம்மாவுக்காக. வெடிச்சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் குசினியில் தண்ணீரைத் திறந்துவிடுவார்.

பஸ்ஸில் பின்னால் இரண்டு பெண்கள், மாணவிகளாக இருக்கவேண்டும். “கேம் ஓகே. எண்டிங்தான் சப்பெண்டு கிடக்கு.” ஒருத்தி முடிவைச் சொல்லப்போனாள். அடுத்த தரிப்பில் இறங்கி மழையில் நடந்தேன்.

அம்மா கேட்டார், துளசி விளையாட வரவில்லையா என்று. ஒஷாவா தூரம் என்றேன்.

“ஃபோர்-ஓ-வண் ஹைவேயிலை ஏறினால் ஒஷாவா. உது ஒரு தூரமோ, தம்பி?”

நவம்பர் 6, வியாழன்

மதிய இடைவேளை. கைப்பேசியில் விளையாட்டின் நண்பர் பட்டியல். து.வின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. கீழே சின்ன எழுத்தில்: நான்காம் அத்தியாயம். இரண்டு பேர்.

சோறு அப்படியே மிச்சம்.

மாலையில் அவளே அழைப்பெடுத்தாள். பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்டாள். இரண்டு பேருக்கும் லீவாம், வெளியில் மழையாம், ரகு சும்மா தொடங்கிப் பார்ப்போம் என்றானாம். சொல்லிக்கொண்டே போனாள். குற்றவாளிக் குரல். பிறகு:

“நீ எங்கை நிக்கிறாய்?”

கதையில் எந்த இடம் என்று கேட்கிறாள்.

“முடிச்சிட்டன்.”

“கள்ளா. அதுக்குள்ளையோ?”

“ஓம்.”

அவள் மூச்சு விட்டது கேட்டது. அந்த மூச்சுக்காகத்தான் சொன்னேனோ, கோபத்தில் சொன்னேனோ, தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு அவள் பழைய து. நான்காம் அத்தியாயத்தில் ஒரு பாலம், அதில் மாட்டிக்கொண்டார்களாம். ஒவ்வொரு தரமும் ரகு செத்துப்போகிறானாம். இவள் “உங்கை, உங்கை” என்று கத்த, அவன் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம்.

“உங்க கை எண்டு விளங்குதாம்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன். முதல் பாகம் முழுக்க நாங்கள் அதிகம் கத்திய சொல் அது. உன் பக்கத்தில், நான் நிற்காத இடத்தில். இங்கிலிஷில் அதற்கு ஒரு முழு வசனம் வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் ஆள் செத்துவிடும்.

சனிக்கிழமை வந்து பாலம் கடக்க வழி காட்டச் சொன்னாள். நீ முடித்தவன்தானே என்றாள். ஓம் என்றேன்.

வழிகாட்டி. முதலாம் அத்தியாயத்தின் முதல் அறையைக்கூடப் பார்த்ததில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வேலைக்குச் சுகமில்லை என்று சொன்னேன். காலையிலிருந்து ஓட்டம். இவ்வளவு காலம் காத்திருந்ததைச் சோதனைக்குப் பாடமாக்குவதுபோல் விளையாடினேன். ஆக எளிய நிலை. கதைக் காட்சிகள் எல்லாம் தவிர்ப்பு. அந்தக் கதவு முழுதாகத் திறந்தது. உள்ளே என்ன இருந்தது என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. இடதுபக்கம் வெடிமருந்து இருந்தது, அது நினைவிருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் நின்றேன். மூன்றாம் அத்தியாயம், லிஃப்ற்றுக்குப் பிறகு ஒரு கண்ணாடி நடைபாதை. கீழே கோள். முகில் மெதுவாகச் சுற்றுகிறது. எதுவும் செய்யாமல் நின்றால் துப்பாக்கி தானாகவே தாழும் என்று கண்டேன். யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே அவள் நின்றிருப்பாள், வா என்று என்னைச் சுட்டிருப்பாள். வெறும் கண்ணாடி. ஓடினேன்.

பாலம்: மேலால் போகக்கூடாது. அடியில் குழாய்கள், அதைப் பிடித்து நடுவில் ஏற வேண்டும். பின்னாலிருந்து எதிரிகள் வருவார்கள். பல தரம் செத்துக் கண்டுபிடித்தது.

அம்மா அறைக்குள் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சல் இல்லை. பிறகென்ன உனக்கு?” பதிலுக்கு நிற்கவில்லை. மேசையில் இடியப்பம். ஒரு மூடி போட்டு.

நவம்பர் 8, சனி

வெளிச்சமான பகல். குளிர். மூன்று பேர்.

ரகுவின் குரல் இவ்வளவு கிட்டக் கேட்டதில்லை. காதுக்குள் இருந்தான். மரியாதையான குரல். “ப்ரோ, ரெண்டே நாள்ல முடிச்சிட்டீங்களாமே. துளசி சொல்லிட்டே இருந்தா.”

சொல்லிக்கொண்டே இருந்தாள்.

குழாய் வழியைக் காட்டினேன். நடுவில் ஏறினோம். து.: “உங்கை!” யோசிக்குமுன் திரும்பிச் சுட்டுவிட்டேன். மறுபடி “உங்கை!” மறுபடி. கை தானாக வேலை செய்தது. கொஞ்ச நேரம் ஒஷாவா இல்லை, சித்திரை இல்லை, ஹீற்றர் வாசம்கூட வந்தது. ரகு எப்போதோ செத்திருந்தான். நாங்கள் கவனிக்கவில்லை. அவன் இல்லாமல் பாலம் முடியாது, எனவே மூவரும் மறுபடி தொடக்கத்தில்.

“எப்படி ப்ரோ உங்களுக்கு மட்டும் புரியுது? நான் கையத்தான் பாத்துட்டு நிக்கிறேன்.”

தான் சொல்லி அவனுக்கு விளங்கவில்லை, நீ சொல்லிப் பார் என்றாள் துளசி. அவள் இடது, வலது என்று சொன்னால் போதுமே என்று நான் சொல்லியிருக்கலாம். பாலம் கடந்திருக்கும். சொல் எங்களிடம் இருந்திருக்கும்.

“இங்கை எண்டால் சொல்லுற ஆளுக்குப் பக்கத்திலை. அங்கை எண்டால் ரெண்டு பேருக்கும் எட்ட. உங்கை எண்டால் கேக்கிற ஆளுக்குப் பக்கத்திலை. அவ உங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறா. அவவுக்கு எட்டாது, உங்களுக்கு எட்டும். அதுதான் உங்கை.”

தேவைக்கு மேலாகச் சொல்லிவிட்டேன்.

“அடடா,” என்றான் ரகு. “எங்க ஊர்ல இப்படி ஒரு வார்த்தையே இல்லையே ப்ரோ.” உண்மையாகவே வியந்தான். இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். உங்கை. உங்கை. உச்சரிப்பு சரியாக வந்தது.

மறுபடி குழாய். நடுவில் ஏறினோம். நான் முன்னால், து. நடுவில், அவன் கடைசி.

“உங்கை!”

து.வின் குரல். திரும்பினேன். என் பக்கத்தில் எதிரி யாரும் இல்லை. பாலத்தின் மறுமுனையில் ரகு ஏற்கெனவே சுட்டு முடித்திருந்தான்.