பட்டாணிச் செடியின் பழைய படங்கள்

ஜூன் 4, ஞாயிறு

மாமாவின் அறுவை சிகிச்சைக்காக அவரும் அக்காவும் இன்று காலை கிளம்பினார்கள். ஐந்து மணி நேரப் பயணம். பூட்டிய வீட்டில் வெளிச்சம் இருக்காது என்று செடியை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பச்சைப் பட்டாணியை நூலில் கோத்துத் தொங்கவிட்டதுபோல ஒன்று. பூ இல்லை, வாசனை இல்லை. அக்கா திட்டத் திட்ட மாமாவே ஸ்டூலில் ஏறி என் ஜன்னல் கொக்கியில் மாட்டினார். நீளமான சரத்துக்கும் ஜன்னல் கட்டைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"இது கட்டையைத் தொடுறதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்துடுவேன், பாரு," என்றார்.

ஏழு படம் எடுத்தேன். தேவைக்கு மேல் எடுத்து வைப்பது நிருபர் வேலையில் வந்த பழக்கம். அக்கா எழுதித் தந்த சீட்டைக் குறிப்பேட்டில் செருகினேன்.

ஜூன் 11, ஞாயிறு

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. செடிக்குத் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர், காபி போடும் கையோடு. படம் எடுத்து அனுப்பினேன். மாமா கண் திறந்ததும் செடியைத்தான் கேட்டாராம்.

ஜூன் 15

பட்டாணிகள் சுருங்குகின்றன. தாகமாக இருக்கும். இரண்டு டம்ளராக்கினேன்.

ஜூன் 18, ஞாயிறு

ஒரு சரத்தைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. அடியில் கறுத்து, கொழகொழவென்று. மண்ணில் நாற்றம்.

அப்போதுதான் சீட்டை எடுத்தேன். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மண்ணு நல்லா காஞ்சப்புறம் மட்டும்." எதையும் இரண்டு முறை படி என்று இருபத்தெட்டு வருடமாக அலுவலகத்தில் மற்றவர்களை விரட்டுகிறவன் நான். இதை ஒரு முறைகூடப் படிக்கவில்லை.

பத்து மணிக்கு அக்கா படம் கேட்டாள். நான்காம் தேதி எடுத்ததில் ஒன்றை அனுப்பினேன். கீழே 'இன்று காலை' என்று எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லையே. ஏன் எழுதினேன்?

ஜூன் 20

செடி விற்கும் அம்மாவிடம் தொட்டியை எடுத்துப்போனேன். ஒரு பிடி மண்ணை முகர்ந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்தியே முடிச்சிட்டீங்களே சார். வேர் அழுகினாலும் இது சுருங்கும். நீங்க பாவம், தாகம்னு நினைச்சு இன்னும் ஊத்தியிருப்பீங்க."

அழுகாமல் ஒரு துண்டு மிஞ்சியது. ஒன்பது பட்டாணி. மணல் கலந்த புது மண்ணின் மேல் சுருட்டிப் படுக்கவைத்துக் கொடுத்தார். புதைக்கக் கூடாதாம். கணுவில் வேர் விடுமாம்.

அங்கே அதே ஜாதியில் முழுச்செடி ஒன்று தொங்கியது. வெகுநேரம் அதன் முன்னால் நின்றேன். வாங்கவில்லை. நேர்மையால் அல்ல. சரங்கள் குட்டையாக இருந்தன.

ஜூன் 25, ஞாயிறு

கிட்டத்தில் எடுத்த பழைய படம் ஒன்றை அனுப்பினேன். சரம் நீளமாகத் தெரியும். மாமாவே பேசினார். வளர்ந்திருக்கிறதே என்றார். "ஆமா மாமா, நாலு விரல்தான் பாக்கி," என்றேன். வாயில் எப்படித்தான் வந்ததோ.

ஆறு வருடம் முன்பு எங்கள் புகைப்படக்காரர் ஒருவர் முந்தைய வருட மழைப் படத்தை அன்றைய மழை என்று கொடுத்தார். "எல்லாம் ஒரே தண்ணிதானே சார்," என்றார் என்னிடம். அவருக்கு எதிராக மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேலை போயிற்று. நல்ல தமிழில் எழுதியிருந்தேன் என்று பாராட்டினார்கள்.

ஜூன் 28

அந்தப் புகைப்படக்காரரின் எண்ணுக்கு அழைத்தேன். வேறு யாரோ எடுத்தார்கள்.

ஜூலை 2, ஞாயிறு

மாமாவுக்குத் தையல் ஆறவில்லை. இன்னும் இரண்டு வாரம் இருக்கவேண்டுமாம். அக்கா வார்டுக்கு வெளியே வந்து, தணிந்த குரலில் பேசினாள்.

"ரெண்டு நாளா சாப்பிடலடா. 'செடி ஜெயிச்சிடும், நான் வீடு வந்து சேர மாட்டேன்'னு சுவரைப் பாத்துப் படுத்திருக்கார்."

நாலு விரல். நான் சொன்ன நாலு விரல்.

அவரிடம் போனைக் கொடு என்றேன். ஸ்பீக்கரில் போட்டாள். சொல்லிட்டேன். தண்ணி, சீட்டு, பழைய படம், எல்லாத்தையும். வரிசையாச் சொல்லணும்னு நினைச்சேன், முடியல. முன்னும் பின்னுமா உளறினேன்.

"செத்துடுச்சா?" என்றார் மாமா.

"ஒன்பது பட்டாணி இருக்கு மாமா. மண்ணு மேல கிடக்கு."

"அது எப்போ கட்டையைத் தொடும்?"

"எப்படியும் ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

மாமா சிரித்தார். தையல் இழுக்கிறது, சும்மா இரு என்று என்னையே திட்டினார். "அப்போ அவசரமே இல்ல. தட்டை இப்படி நகர்த்து," என்று அக்காவிடம் சொன்னது கேட்டது.

அக்கா போனை வைத்துவிட்டாள்.

ஜூலை 19

வந்துவிட்டார்கள். தொட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கிண்டல் செய்தார். அக்கா காபி கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பரிசோதனைக்கு நான்கு நாள் போகிறார்கள். அக்கா தொட்டியோடு என் வாசலில் நின்றாள். எதிர்வீட்டில் கொடேன் என்றேன்.

"நீயே வெச்சுக்கோ. தண்ணி வேண்டாம், ஊத்தியாச்சு. போட்டோவும் வேண்டாம். இருக்கா இல்லையான்னு வாயால சொல்லு, போதும்."

என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14

காலையில் அழைத்தேன். இருக்கிறது, பதினோரு பட்டாணி, அதில் இரண்டு புதிது, கடுகளவு என்றேன்.

"எண்ணிப் பாத்தியா?" என்றாள்.

"ரெண்டு தடவை, அக்கா."