கவுத்துப் பாத்த கிண்ணம்

அறந்தாங்கி
3.6.2024

என் தங்கச்சி சொர்ணத்துக்கு,

அண்ணன் சேவுகன் எழுதுறேன். கிழிச்சுப் போட்டுறாத, ஸ்டாம்பு ஒட்டியிருக்கேன். எங்கூடப் பேசமாட்டேன்னு ஒங்க ஊரு சிவன் கோயில்ல நீ சத்தியம் பண்ணி முப்பத்தோரு வருசம் ஆச்சு. பேசமாட்டேன்னுதான சொன்ன, படிக்கமாட்டேன்னு சொல்லலயே. நான் அஞ்சாப்பு ஃபெயிலு, நீ எட்டாப்பு. தப்பு இருந்தா செவப்புப் பேனாவுல திருத்தி அனுப்பு.

பல்லு ஆறு பாக்கி. முட்டி எந்திரிக்கும்போது சத்தம் போடுது. மத்தபடி கொறையில்ல.

விசயம் நம்ம ஆத்தாவோட வெள்ளிச் சந்தனக் கிண்ணம்தான். ஒன் மக தேவிப்ரியா காதுகுத்துக்கு வாங்கிட்டுப் போயி நீ திருப்பிக் குடுத்தப்ப கவுத்துப் பாத்தேன். ஆத்தா கிண்ணத்து அடியில மீன் முத்திரை. நீ குடுத்ததுல மயிலு. மாப்பிள்ளைதான் மாத்திட்டாருன்னு அத்தன சனத்துக்கு முன்னால சொன்னேன். இன்னக்கும் அதான் சொல்றேன்.

இப்ப பேத்தி ரம்யா சொல்லுது, முத்திரைய வச்சே யாரு செஞ்ச சாமான்னு கண்டுபிடிக்கலாமாம். கண்டுபிடிச்சு, ஒன் வீட்டுக்காரரு அந்த மயில எங்க புடிச்சாருன்னு எழுதுறேன். அந்தச் சாக்குல ஒனக்கு ஒரு கடுதாசி போட்டாச்சு பாரு.

சேவுகன்


திருவரங்குளம்
12.6.2024

அண்ணனுக்கு,

தேடுங்க. என்ன கெடைச்சாலும் மறைக்காம எழுதுங்க. அவுங்க போயி நாலு வருசம் ஆகுது. எழவு அன்னக்கி நீங்க வாசலோட நின்னுட்டுத் திரும்பிப் போனத ஜன்னல் வழியாப் பாத்தேன்.

தப்பு நெறைய இருக்கு. திருத்தல.

சொர்ணம்


அறந்தாங்கி
5.7.2024

சொர்ணத்துக்கு,

ரெண்டு வரி எழுதுனாலும் ஆத்தா மாதிரியே கொட்டுற.

ரம்யா போன்ல தேடுச்சு. சிங்கம் வருது, நங்கூரம் வருது, எல்லாம் சீமைச் சாமான். மயிலக் காணோம். லைப்ரரிக்குப் போனேன். லைப்ரரிக்காரரு தலகாணி கனத்துக்கு ஒரு இங்கிலீசு புஸ்தகம் எடுத்தாரு. படமாப் பாத்துக்கிட்டே போனேன், படிக்கிறேன்னு நெனைச்சு பக்கத்துல ஒரு வாத்தியாரு எந்திரிச்சு எடங் குடுத்தாரு. அதுலயும் வெள்ளக்காரன் முத்திரைதான். நம்ம பக்கத்து ஆசாரிமாருக்குப் புஸ்தகம் யாரு போட்டா?

கிண்ணத்து அடியில காகிதத்த வச்சு பென்சிலத் தேச்சேன். மயிலு அப்படியே எறங்கிருச்சு. அதக் கொண்டுபோயி பஜார்ல பழைய வெள்ளிக்கடைப் பெரியவருகிட்ட காட்டுனேன். "புஸ்தகத்துல தேடாதய்யா. அவனவன் முத்திரைய அவனவன் ஈயத் தகட்டுல அடிச்சுப் பாத்துருப்பான், ஆர்டர் நோட்டுல பதிஞ்சு வச்சிருப்பான். அந்த வீட்டுல போயித் தேடு. இது கறம்பக்குடி ஆசாரி கை"ன்னாரு.

கறம்பக்குடிக்கு போறேன். மாப்பிள்ளை அம்புட்டுத் தூரம் பஸ் ஏறிப் போயி மாத்துனாரா? டவுன் பஸ்ல ஏறுனாலே வாந்தி எடுப்பாரே.

சேவுகன்


அறந்தாங்கி
2.8.2024

ஆத்தா சொர்ணம்,

நாலு தாளக் கிழிச்சுட்டு இத எழுதுறேன்.

கறம்பக்குடியில அந்த ஆசாரி பேரன் சிவபிரகாஷ் செல்போன் கடை வச்சிருக்கான். தாத்தா பொட்டியத் தொறந்து காட்டுனான். ஈயத் தகட்டுல அதே மயிலு. கூடவே ஒரு ஆர்டர் நோட்டு. சந்தனக் கிண்ணம் ஒண்ணுன்னு எழுதி, யாருக்குச் செஞ்சதுன்னு பேரும் போட்டிருந்துச்சு. என் சேக்காளி ராசுவோட அப்பா பேரு.

ராசு வீட்டுக்குப் போனேன். மோரு குடுத்தான். "ஒங்க வீட்டுச் சந்தனக் கிண்ணத்த எடுடா"ன்னேன். எடுத்துட்டு வந்தான். கவுத்துனேன். மீனு.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ராசு தங்கச்சி கல்யாணத்துக்கு, வர்ற சனத்துக்கு ஒரு கிண்ணம் பத்தாதுன்னு நம்ம கிண்ணத்தயும் நான்தான் குடுத்தேன். தேவிப்ரியா காதுகுத்துக்கு ஒரு மாசம் முந்தி. ரெண்டும் ஒரே தட்டுல இருந்துருக்கு. திருப்பித் தரும்போது மாறிப் போச்சு. அவங்க வீட்டுல எதையும் யாரும் கவுத்துப் பாக்குறதில்லயாம். சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

ராசு குடுத்தப்ப நான் கவுத்துப் பாக்கல. நீ குடுத்தப்பதான் கவுத்துப் பாத்தேன். மாப்பிள்ளை வசதி இல்லாத வீட்டுக்காரருன்னுதான் கவுத்துப் பாத்தேன்.

மயில அவங்ககிட்ட குடுத்துட்டு மீனக் கொண்டாந்துட்டேன். நீ சொன்னா, அன்னக்கி எந்தச் சபையில சொன்னேனோ அந்தச் சனத்தக் கூட்டி வச்சு நான் பொய்யனுன்னு சொல்றேன். ஏதாச்சும் எழுது. திட்டியாச்சும் எழுது.

சேவுகன்


திருவரங்குளம்
11.8.2024

அண்ணே,

அன்னக்கிக் கேட்டவுங்கள்ல பாதிப்பேரு போய்ச் சேந்துட்டாங்க. யாரக் கூட்டுவீங்க.

ஒண்ணு ஒங்களுக்குத் தெரியாது. அந்தக் காதுகுத்துக்கு அப்பறம் அவுங்க சந்தனம் தொடல. எந்த விசேசத்துக்குப் போனாலும் வாசல்ல கிண்ணத்த நீட்டுவாங்கல்ல, ரெண்டு கையயும் பின்னால கட்டிக்கிட்டு உள்ள போயிருவாங்க. தேவிப்ரியா கல்யாணத்துல சம்பந்தி நீட்டுனப்பயும் அப்படித்தான். சம்பந்திக்குக் கோவம். சந்தனம் ஒத்துக்காது, அரிக்கும்னு நான் பொய் சொன்னேன். இருவத்தேழு வருசம் எல்லா வாசல்லயும் அந்தப் பொய்யச் சொன்னேன். ஒங்கள ஒரு வார்த்த அவுங்க ஏசல. கையத்தான் பின்னால கட்டிக்கிட்டாங்க.

ஆவணி பத்துக்கு அவுங்க தெவசம். கிண்ணத்த எடுத்துக்கிட்டு வாங்க. வாசலோட நிக்க வேண்டாம், உள்ள வாங்க. ஒங்க கையால சந்தனம் கரைச்சு, படத்துக்கு நீங்களே வையுங்க. எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க. சத்தியம் சத்தியந்தான், நான் பேசமாட்டேன்.

எலை போட்டிருப்பேன். ஒங்களுக்குப் பல்லு இல்ல, சோறு கொழைய வடிக்கச் சொல்றேன். சாப்ட்டுட்டு, போகும்போது மறக்காம கிண்ணத்தயும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க.

சொர்ணம்