ஏழாம் பிரிவுக்கு ஒரு கடிதம்

பிப்ரவரி 3, செவ்வாய்

எங்கள் தீத்தடுப்புப் பிரிவை மார்ச் இறுதியில் மூடுகிறார்கள். எனக்கு மரக்கிடங்கு. இருபத்திரண்டு ஆண்டுகள் காட்டுத்தீயைப் படித்தவன் இனிப் பலகைகளை எண்ண வேண்டும்.

தப்ப ஒரே வழி, இன்று வந்த அறிவிப்பு: காட்டுத்தீ குறித்த பூர்வகுடி அறிவைப் பயில ஈராண்டு நல்கை. வயது வரம்பு ஐம்பது, எனக்கு ஐம்பது. கடைசி நாள் 20, மாலை ஐந்து மணி.

விண்ணப்பத்தின் ஏழாம் பிரிவு: பயிற்றுவிக்கும் சமூகத்தின் ஒப்புதல் கடிதம் தேவை.

அங்கேதான் சிக்கல்.

பிப்ரவரி 5, வியாழன்

மேல்சரிவுக் குடியிருப்பில் புல்லை எப்போது எரிப்பது என்று முடிவு செய்பவர் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் தீக்காரம்மா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அனுமதியின்றி எரித்ததாக அவர்மீது வழக்கு எழுதியவன் நான். ஏழு நாள் சிறை. விதிப்படி சரியாகத்தான் எழுதினேன். மறு ஆண்டு யாரும் எரிக்கத் துணியவில்லை; வளர்ந்து காய்ந்த அந்தப் புல்லில்தான் பெருந்தீ பிடித்தது. ஆறு வீடுகள் போயின. இவ்விரண்டையும் நான் ஒரே அறிக்கையில் எழுதியதில்லை.

மனைவி சொல்கிறாள்: “போய்க் கேளுங்க. அவங்க என்ன கடிச்சா முழுங்கிடுவாங்க?”

பிப்ரவரி 9, திங்கள்

போனேன். கடிதத்தைத் தட்டச்சு செய்து மூன்று படிகளுடன், கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் குறியிட்டு எடுத்துப் போனேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“எல்லாத்தையும் நீங்களே எழுதிட்டீங்க. நான் எதுக்கு?”

“கையெழுத்துக்குங்க.”

“அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க.”

உண்மை. வாக்குமூலத்தையும் நானே எழுதினேன்.

“எரிக்கிற அன்னைக்கு வாங்க. அப்புறம் பேசலாம்.”

“எந்தத் தேதி?”

“புல்லு காயணும். காத்து திரும்பணும்.”

“உத்தேசமாவது...”

“உங்க ஆபீசுல காத்துகிட்டயும் லீவு லெட்டர் வாங்குவீங்களா சார்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

தொலைபேசியில் கேட்டேன். புல் இன்னும் ஈரமாம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மூன்றே நாள். தலைமை எழுத்தர் தேநீரோடு வந்தார். “வேற குடியிருப்புல ஒரு லெட்டர் வாங்கித் தர்றேன் சார். யாரு போய்ப் பாக்கப்போறா?”

நான் உடனே மறுக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் மறுத்தேன். அதையும் பதிவு செய்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

காலை 6.20க்கு அழைப்பு. “இன்னைக்குத்தான் சார்.” இன்றா! வேறு நாளே கிடைக்கவில்லையா?

தீ தாண்டினால் அடிக்கக் கையில் பச்சைத் தழையைக் கொடுத்து ஓரத்தில் நிறுத்தினார்கள். தீ காற்றை எதிர்த்து, சரிவில் மெல்ல, முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. அது கடந்த இடத்தில் தீக்காரம்மா என் கையைப் பிடித்து மண்ணில் வைத்தார். வெதுவெதுப்புதான், புல்லின் வேர் வேகவில்லை. ‘கட்டுக்கடங்காத தீ’ என்று அன்று வழக்கில் எழுதியிருந்தேனே — மண்ணைத் தொட்டா பார்த்தேன்? மேசையிலிருந்து எழுதினேன். அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

“அதை எழுதுங்க. அதுல கையெழுத்துப் போடறேன்.”

“அப்படி எழுதினா என்னை எடுக்க மாட்டாங்கம்மா.”

“எடுக்கலன்னா பலகை எண்ணுங்க.”

எழுதினேன். வழக்கு, மறு ஆண்டின் பெருந்தீ, ஆறு வீடுகள் — எல்லாம் ஒரே தாளில். தன் கையால் கீழே ஒரு வரி சேர்த்தார்: ‘இவர் வரலாம்.’ 4.52க்கு அனுப்பினேன்.

மார்ச் 19, வியாழன்

பதில் இல்லை. மின்னஞ்சல் பெட்டியை இன்று பதினான்கு முறை திறந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

நல்கை வேறொருவருக்கு. காரணம் கூறவில்லை, விதிப்படி கூற வேண்டியதும் இல்லை. கடிதத்தின் படியொன்றைப் பழைய வழக்குக் கோப்பில் சேர்க்கக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 28, வியாழன்

கிடங்கில் ஒரு நாள் விடுப்புக்கு விண்ணப்பித்தேன். எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தேதி போடலையே. நீங்களா சார் இது?”

புல் இன்னும் ஈரமாக இருக்கிறது என்றேன்.