தையல்காரர் வீட்டு மீட்டர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் வலிகூட இந்த வாரம் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். போனில் சொல்லலாமென்றால் பக்கத்திலேயே நின்று கேட்பார்.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது நீ ஒருநாள், அப்பாவுக்கு நடக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவதற்குத்தான் சம்பளம். ஆனால் அவர் அதோடு நிற்கிற ஆளா? நாய்களுக்கென்று பையில் போட்டுக்கொண்ட பிஸ்கட் துவைக்கும்போது மாவாய்க் கரையும். உயரத்திலிருக்கும் மீட்டருக்குக் கைக்கண்ணாடியை நீட்டி, இடம் வலம் மாறிய எண்ணைத் தடுமாறாமல் படிப்பார். வெயிலில் கறுத்து வீடு வந்து, எந்த வீட்டில் குழந்தை தவழ ஆரம்பித்தது, எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசுவதில்லை என்று செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுவார். எனக்கு ஒரு எடுத்துக்காட்டாவது சொன்னால்தான் திருப்தி, உனக்குத் தெரியுமே. ஒருமுறை ஒரு வாசல் மீட்டரில் சக்கரம் வேகமாகச் சுற்றுகிறது, உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம், கதவு உள்ளே தாழ், கூப்பிட்டால் பதில் இல்லை. அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக் கதவை உடைத்தார். குளியலறையில் விழுந்து கிடந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். நான் பெருமையாகப் பேசப்போனால், சக்கரம் சுத்துச்சு, ஆள் வரல, இதுக்கும் பாடம் எடுக்காதே டீச்சரம்மா என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இரண்டு வருடமாக மீட்டர்களே தினமும் ஆபீசுக்குக் கணக்கை அனுப்பிவிடுகின்றன. அப்பாவும் அதை ஏற்றுக்கொண்டு வீட்டில் இருந்தார். போன மாதம், உனக்குப் பள்ளிச் சீருடை தைத்துத் தந்த தையல்காரர் இறந்துபோனார். தனியாக இருந்தவர், செவ்வாய்க்கிழமை கீழே விழுந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதான் கதவைத் திறந்திருக்கிறார்கள். தலைக்குமேல் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்ததாம். புதன் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை யாரோ அப்பா காதில் போட்டுவிட்டார்கள். அவர் பரண்மேல் ஏறி பழைய டைரியை எடுத்து நாட்களை எண்ணிப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போகும் முறை நாள், பழையபடி நடந்திருந்தால், அதே புதன்கிழமைதான். காலை பத்து மணிக்கு அவர் அந்தக் கதவைத் தட்டியிருப்பார். அந்த வீட்டில் மீட்டர் உள்ளே இருப்பதால், திறக்காமல் நகர்ந்திருக்க மாட்டார்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு அங்கே போய் நிற்கிறார். சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. மத்தியானம் கண்ணயர்ந்தால் விரல் போர்வையில் எண்கள் எழுதுகிறது. அந்தத் தெருவில் ஒருவர், இவரைத் திருடன் என்று நினைத்து, யாருய்யா நீ, என்ன நோட்டம் பாக்குறே என்று கேட்டிருக்கிறார். அதற்குமேல் தனியே விட மனமில்லாமல் நேற்று நானும் கூடப் போனேன். கதவில் காதை வைத்துவிட்டு, ஃபேன் சத்தம் கேட்குது பாரு என்றார். ஏங்க, கரண்டை வெட்டி மூணு வாரமாச்சு என்றேன். ஆனாலும் நானும் காதை வைத்தேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் கேட்டது போலத்தான் இருந்தது.

திரும்பி நடக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான். நம்ம பொண்ணும் தனியாத்தானே இருக்கா, அவ கதவை யாரு தட்டுவா? முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவள், விடிந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். தையல்காரருக்கு இனி நாம் செய்ய ஒன்றுமில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் உன்னால் பதில் சொல்ல முடியும். அது கிடைத்தால் அவர் ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடுவார் என்று நம்புகிறேன்.

நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க இருவரும் வாழ்த்துகிறோம். சளி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, நீ யாரென்று சொல்லிவிட்டு வா. கதவைத் திறந்தது யார் என்று அப்பாவுக்குப் போன் பண்ணிச் சொல்.

என்றும் உன் அம்மா